பொய் சொல்லாமல் ஏமாற்றுவது எப்படி?

“குழம்பிய நகரம் பாவிகள் போகுமிடம் (4)”

மேலே இருக்கிற வரியைப் படிச்சதும் என்ன தோணுது? சாயங்காலம் ஆறு மணிக்கு கத்திப்பாரா பக்கம் மாட்டிக்கிட்ட யாரோ சாபம் விடற மாதிரி இல்ல? அதுதான் வேணும். அந்தப் படத்தை உங்க மனசுல ஓட விட்டுட்டு, பின்னாடி வேற வேலை நடக்குது. ‘நகரம்’ என்பதன் நாலு எழுத்தையும் குழப்பிப் போட்டுப் பாருங்க. ந, ர, க, ம். நரகம்! பாவிகள் போகுமிடம். கடைசியில இருக்கிற 4, விடையில் எத்தனை எழுத்துங்கிறதுக்கு.

கிரிப்டிக் குறுக்கெழுத்துன்னா அடிப்படையில இவ்வளவுதாங்க. ஒவ்வொரு குறிப்பிலும் ரெண்டு பாகம். ஒண்ணு விடைக்கு நேரான பொருள். அது குறிப்பின் முதல்லயோ கடைசியிலயோ இருக்கும், நடுவுல வராது. மீதி, விடையின் எழுத்துகளைச் செஞ்சு எடுக்கிற சமையல் குறிப்பு. ரெண்டையும் ஒட்டின இடம் தெரியாம தைச்சு ஒரே வாக்கியமாக் கொடுத்துடுவாங்க. தையலைப் பிரிக்கிறது நம்ம வேலை.

சமையலிலும் வகை உண்டு. “அக்கா கம்மலுக்குள் ஒளிந்த பறவை (3)” என்றால் எதையும் குழப்ப வேண்டாம், அப்படியே உள்ள இருக்கு: அக்-காகம்-மலுக்குள். “பாட்டுக்குப் பின் குளிர்காற்று, சிறுமி உடுத்துவது (3)” என்றால் பா + வாடை. “நிலா, ஆபீஸ் போக அழுகை வரும் நாள் (4)” என்றால் ரெண்டுக்கும் ஒரே விடை, திங்கள். (எல்லாம் இந்தப் பதிவுக்காக நானே போட்டது. அடிக்க வராதீங்க :-))

காளமேகத்தைப் படிச்ச ஊருக்கு இது என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். சிலேடைப் புலவர் ரெண்டு அர்த்தத்தையும் சபைக்குக் காட்டிக் கைதட்டு வாங்குவார். இங்கே ஒரு அர்த்தத்தைக் காட்டி இன்னொண்ணை ஒளிக்கணும். ஒளிக்கலாம், ஆனா பொய் சொல்லக்கூடாது. இந்த ‘ஆனா’ எங்கிருந்து வந்ததுன்னு தேடினப்ப கிடைச்ச கதைதான் இந்தப் பதிவு. ஏன்னா, ஆரம்பத்துல அந்த ‘ஆனா’ கிடையாது.

1913 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையின் வேடிக்கைப் பக்கத்துக்கு ஏதாவது புதுசா வேணும். லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆர்தர் வின், வைர வடிவத்துல கட்டம் போட்டு ‘வேர்ட்-கிராஸ்’ என்று பேர் வெச்சார். சில வாரம் கழிச்சு அச்சுக் கோர்த்தவர் பேரை முன்பின்னா மாத்திப் போட்டுட, ‘கிராஸ்-வேர்ட்’ நிலைச்சுடுச்சு. குறிப்புகள் எல்லாம் நேரடி ரகம், நம்ம வார இதழ்கள்ல வர்ற மாதிரி. 1924-ல சைமன் அண்ட் ஷஸ்டர் தங்களோட முதல் புத்தகமா குறுக்கெழுத்துத் தொகுப்பையே போட்டாங்க, கூடவே ஒரு பென்சிலையும் கட்டிக் கொடுத்து. அமெரிக்கா முழுக்கப் பைத்தியம் பிடிச்சுது. இதெல்லாம் பாவகரமான நேர விரயம்னு அதே 1924-ல ‘நியூயார்க் டைம்ஸ்’ திட்டி எழுதுச்சு. அப்புறம் 1942-ல, உலகப்போர் நடக்கிறப்போ, தானும் போட ஆரம்பிச்சுது. இன்னைக்கு அமெரிக்கக் குறுக்கெழுத்துன்னாலே அந்தப் பேப்பர்தான்!

ஆனா நம்ம கதை அமெரிக்காவுல இல்ல. அதே 1924-ல ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ வழியா இது இங்கிலாந்துக்கு வந்துச்சு. 1925 ஜூலையில் ‘டெய்லி டெலிகிராஃப்’ ஆரம்பிச்சுது. 1930 பிப்ரவரி 1-ல ‘தி டைம்ஸ்’ இறங்கி வந்துச்சு. அந்த முதல் புதிரைப் போட்ட ஏட்ரியன் பெல் ஒரு விவசாயி, எழுத்தாளர். அதுவரைக்கும் ஒரு குறுக்கெழுத்தைக்கூடப் போட்டுப் பார்த்ததில்லையாம். அப்புறம் வாழ்நாள் முழுக்க ஆயிரக்கணக்குல போட்டுத் தள்ளினார். இங்கிலாந்துக்காரங்களுக்கு நேரடிக் குறிப்பு சீக்கிரம் சலிச்சுப்போச்சு. ‘பூனைக்கு இன்னொரு பேர்’னு கேட்டா அதுல என்ன இருக்கு? விளையாட்டைக் கடுமையாக்க ஒருத்தர் வந்தார்.

எட்வர்ட் போயிஸ் மேதர்ஸ். கவிஞர், மொழிபெயர்ப்பாளர். காஷ்மீரக் கவி பில்ஹணன் சமஸ்கிருதத்தில் எழுதிய சௌரபஞ்சாசிகாவை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். ஆயிரத்தோரு இரவுகள் கதையையும் பிரெஞ்சு வழியா மொழிபெயர்த்தவர். புதிர் போட அவர் வெச்சுக்கிட்ட பேர் டார்க்கிமாடா. பதினைந்தாம் நூற்றாண்டு ஸ்பெயினில் மதவிரோதிகள்னு பிடிச்சு, சித்திரவதை பண்ணி, எரிச்சாங்களே, அந்த விசாரணை மன்றத்துக்கு முதல் தலைவர். வாசகனை என்ன பண்ணப் போறேன்னு பேரிலேயே சொல்லிட்டார் மனுஷன்.

1926-லிருந்து 1939-ல சாகற வரைக்கும் ‘அப்சர்வர்’ பத்திரிகைக்கு 670 புதிர் போட்டார். நேரடிக் குறிப்பே இல்லாம, முழுக்க கிரிப்டிக்கா புதிர் போட்ட முதல் ஆள் இவர்தான்னு சொல்றாங்க. விடை வார்த்தைகளை இவர் தேர்ந்தெடுப்பார், கட்டத்துக்குள்ள பொருத்தறது மனைவி ரோசமண்ட். மேதையா? சந்தேகமே இல்ல. 1934-ல ஒரு கொலைக்கதை எழுதி, அதோட நூறு பக்கத்தையும் வேணும்னே வரிசை மாத்தி அச்சடிச்சார். ‘கெய்ன்ஸ் ஜாபோன்’னு பேர். சரியான வரிசையைக் கண்டுபிடிச்சு, கொன்னது யார், செத்தது யார்னு சொல்லணும். அந்தக் காலத்துல ரெண்டே பேர் கண்டுபிடிச்சாங்க. 2019-ல மறுபதிப்பு வந்து, 2021-ல டிக்டாக் பிள்ளைங்க கையில சிக்கி, செவுரு பூரா பக்கங்களை ஒட்டி வெச்சு மல்லுக்கட்டினாங்க.

ஆனா இவர்கிட்ட எனக்கு ஒரு சண்டை இருக்கு. எங்கேயோ ஒரு புத்தகத்துல வர்ற ஓரக் கதாபாத்திரம், யாரும் படிக்காத ஒரு பாட்டுல பாதி வரி, இதெல்லாம் அவருக்குக் குறிப்பு. அவர் படிச்சதையெல்லாம் நீங்களும் படிச்சிருக்கணும். விடையைக் கண்டுபிடிச்ச பிறகும் அதுதான் விடைன்னு உறுதியாத் தெரியாது. தோற்கிறதுல ரெண்டு வகை இருக்குங்க. அடுத்த வாரம் விடையைப் பார்த்து, “அட, கண்ணு முன்னாடி இருந்துச்சே!”ன்னு தலையில அடிச்சுக்கிறது ஒண்ணு. “இது எப்படிய்யா எனக்குத் தெரியும்?”னு பேப்பரைத் தூக்கி எறியறது இன்னொண்ணு. முதல் வகைத் தோல்வியில ஒரு சந்தோஷம் இருக்கு, மறுபடி அடுத்த புதிருக்குப் போவோம். ரெண்டாவதுல போடறவருக்கு மட்டும்தான் சந்தோஷம்.

இந்தக் கணக்கைத் தீர்த்து வெச்சவங்க ரெண்டு வாத்தியார்கள். பரிட்சைத் தாள் தயார் பண்ணிப் பழகினவங்க. பையன் பாஸாகறதுக்கு வழியில்லாத கேள்வி, கேள்வியே இல்லைன்னு அவங்களுக்குத் தெரியும்.

முதலாமவர் ஏ.எஃப்.ரிச்சி. வெல்ஸ் நகரத்து தேவாலயப் பள்ளியில் தலைமையாசிரியர். புனைபெயர் அஃப்ரித், அரபுக் கதைகள்ல வர்ற பூதம். அவரோட இனிஷியலையும் குடும்பப் பேரோட முதல் மூணு எழுத்தையும் சேர்த்தா அதே பேர் வரும், கவனிச்சீங்களா? 1949-ல வந்த தன் புத்தகத்துல ஒரு விதி வெச்சார். நான் சொல்றதோட மேலோட்டமான அர்த்தம் என் மனசுல இருக்கணும்னு கட்டாயமில்லை; ஆனா என் மனசுல இருக்கிற அர்த்தத்தை நான் சொல்லியே ஆகணும். என் வார்த்தையில சொன்னா இதுதான் சாரம். வாசகன் தப்பா எடுத்துக்கற மாதிரி எழுதலாம். சரியாப் படிச்சா தப்பா இருக்கிற மாதிரி எழுதக்கூடாது.

ரெண்டாமவர் டெரிக் சாமர்செட் மக்நட். கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்னு ஒரு பள்ளிக்கூடத்துல (ஆஸ்பத்திரி இல்லீங்க, பேர் அப்படி) கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக்கொடுத்தவர். டார்க்கிமாடா செத்த 1939-லயே ‘அப்சர்வர்’ல அந்த இடத்துக்கு வந்தார். புனைபெயர் சிமினீஸ், இன்னொரு ஸ்பானிய விசாரணைத் தலைவர்! ஆனா பேர்தான் அப்படி. ஆள் வேற. டார்க்கிமாடா வாசகனை வதைச்சார், இவர் புதிர் போடறவங்களைத்தான் வதைச்சார். வாசகர்களையே ஒரு வார்த்தைக்குக் குறிப்பு எழுதச் சொல்லிப் போட்டி வெச்சு, எது ஏன் நல்லா இருக்கு, எது ஏன் செல்லாதுன்னு வாத்தியார் நோட்டு திருத்தற மாதிரி விளக்கி எழுதினார். 1966-ல அதையெல்லாம் புத்தகமாவே போட்டார். நேரான பொருள் துல்லியமா இருக்கணும். எழுத்துகளைச் செய்யற வழி நியாயமா இருக்கணும். அதுக்கு மேல ஒரு சொல்கூட வீணா இருக்கக்கூடாது. அவர் பள்ளியோட மொத்த சாரம் இதுதான்.

நியாயம்னா என்ன? நம்ம நரகத்தையே எடுத்துப்போம். “நகரம் பாவிகள் போகுமிடம் (4)”னு மட்டும் குறிப்பு கொடுத்தா சிமினீஸ் கோடு போட்டு அடிச்சுடுவார். எழுத்தை மாத்திப் போடச் சொல்ற ‘குழம்பிய’ எங்கே? சொல்லாத வேலையை வாசகன் எப்படிச் செய்வான்? சரி, “குழம்பிய மதுரை பாவிகள் போகுமிடம் (4)”? இதுவும் செல்லாது. மதுரைன்னா நகரம்னு முதல்ல யூகிச்சு, அப்புறம் அதைக் குழப்பணும். மதுரை பேரூர்னு எடுத்துக்கலாம், தலம்னு எடுத்துக்கலாம், ஆயிரம் வழி இருக்கு. குழப்பச் சொன்னா, குழப்பவேண்டிய எழுத்து குறிப்பிலேயே கண்ணுக்குத் தெரியணும். எவ்வளவு நுணுக்கம் பாருங்க! சும்மா பொழுதுபோக்குக்கு இவ்வளவு சட்டமானு சிரிக்கத் தோணும். கூப்பிட்டு உட்கார வெச்சு ஆடற ஆட்டத்துல எதிராளிக்கு ஜெயிக்க வாய்ப்பு தரணும்னு சொல்ற சட்டம்தானே எல்லாமே?

1971-ல சிமினீஸ் போன பிறகு, 1972-ல வந்தவர் அஜெட், அகராதித் துறைக்காரர். ஐம்பது வருஷத்துக்கு மேல போட்டார். விசாரணை மன்றத்துல டார்க்கிமாடாவுக்கும் சிமினீஸுக்கும் நடுவுல தலைவரா இருந்தவர் பேர் டெஸா. அதை ஆங்கிலத்துல பின்பக்கமாப் படிச்சா அஜெட்! அதுவே ஏ முதல் இசட் வரைன்னும் ஆகுது. பேர்லயே ரெண்டு குறிப்பு.

இங்கே கொஞ்சம் பின்னாடி, உலகப்போர் காலத்துக்குப் போகணும். ஏன்னா, புதிர் போடறவர் பொய் சொல்றாரா இல்லையாங்கிற கேள்வி அப்போ பத்திரிகையைத் தாண்டி அரசாங்கத்துக்கே வந்துடுச்சு.

1942 ஜனவரியில ‘டெலிகிராஃப்’ ஆபீஸ்ல ஒரு போட்டி வெச்சாங்க. 12 நிமிஷத்துக்குள்ள குறுக்கெழுத்தை முடிக்கணும். அஞ்சு பேர் முடிச்சாங்க, அதுல ஒருத்தர் எழுத்துப்பிழையில அவுட். சில வாரம் கழிச்சு, கலந்துக்கிட்டவங்கள்ல சிலருக்கு ரகசியக் கடிதம் வந்துச்சு. ஜெர்மன் சங்கேதத்தை உடைக்கிற பிளெட்ச்லி பார்க் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க. காட்டுற அர்த்தத்தை நம்பாம எழுத்தை மட்டும் பார்க்கிற புத்தி நாட்டுக்குத் தேவைப்பட்டுச்சு.

அதே பத்திரிகை, அதே வருஷம் ஆகஸ்ட் 17. விடைகள்ல ஒண்ணு ‘தியேப்’, பிரான்ஸ் கடற்கரையில ஒரு ஊர். 19-ஆம் தேதி நேசநாட்டுப் படை அந்த ஊர்ல இறங்கி, அடிவாங்கித் திரும்புச்சு. விசாரிச்சாங்க, தற்செயல்னு விட்டுட்டாங்க.

1944 மே மாசம். நார்மண்டி படையெடுப்புக்கு நாள் குறிச்சாச்சு. உலகத்துலயே பெரிய ரகசியம் அப்போ அதுதான். மே 2-ல விடை ‘யூட்டா’. மே 22-ல ‘ஒமாஹா’. ரெண்டும் அமெரிக்கப்படை இறங்கவேண்டிய கடற்கரைகளுக்கு வெச்ச ரகசியப் பேர். மே 27-ல ‘ஓவர்லார்ட்’, மொத்தப் படையெடுப்போட பேர். மே 30-ல ‘மல்பெரி’, இழுத்துட்டுப் போய்க் கட்டவேண்டிய செயற்கைத் துறைமுகம். ஜூன் 1-ல ‘நெப்டியூன்’, கடற்படை நடவடிக்கையோட பேர். ஜூன் 6-ல படையெடுப்பு!

புதிர் போட்டவர் லியோனார்ட் டாவ். மறுபடியும் ஒரு தலைமையாசிரியர்! இளமையில சவுத்தாம்ப்டன் அணிக்குக் கால்பந்து ஆடினவர். லண்டன்ல குண்டு விழுந்ததால பள்ளியை சர்ரேயில எஃபிங்ஹாம்ங்கிற கிராமத்துக்கு மாத்தியிருந்தாங்க. உளவுத்துறை ஆட்கள் வீடு தேடி வந்து குடைஞ்சு எடுத்தாங்க. 1958-ல பிபிசி பேட்டியில அவரே இதைச் சொன்னார். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் இருபது வருஷமா வார்த்தையை ஒளிச்சுக் காட்டறதையே வேலையா வெச்சிருக்கார். இப்போ, ‘நான் எதையும் ஒளிக்கலை’ன்னு நிரூபிக்கணும். எப்படி? ஒவ்வொரு குறிப்புக்கும் ரெண்டு அர்த்தம்தான், மூணாவது அர்த்தம் இல்லைங்கிறதை எப்படிக் காட்டறது? கடைசியில விட்டுட்டாங்க.

1984-ல அவரோட பழைய மாணவர் ஒருத்தர் ஒரு விஷயம் சொன்னார். காலிக் கட்டத்தை டாவ் பசங்ககிட்டக் கொடுத்து வார்த்தைகளை நிரப்பச் சொல்வாராம், குறிப்பு மட்டும் அவர் எழுதுவார். பக்கத்துல முகாம் போட்டிருந்த சிப்பாய்களோட பசங்க சுத்திக்கிட்டு இருப்பாங்க. அங்க காதுல விழுந்த பேர்களைத்தான் கட்டத்துல போட்டோம்னார். விசாரணைக்கு அப்புறம் டாவ் கூப்பிட்டு அதட்டி, நோட்டுப் புத்தகத்தை எரிக்க வெச்சு, பைபிள் மேல சத்தியம் வாங்கினார்னும் சொன்னார். இதை நம்பாதவங்களும் உண்டு. கடற்கரைகளோட ரகசியப் பேர் சாதாரணச் சிப்பாய்க்கு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க. கேள்வி சரிதான். ஆனா எனக்கு அந்த மாணவர் சொன்னதுல பாதியாவது உண்மையா இருக்கும்னு தோணுது. அர்த்தம் தெரியாமலே பேர் பரவும், எந்த ஆபீஸ்லயும் பார்க்கலாம்.

நம்ம ஊருக்கு வருவோம். சென்னை ‘தி ஹிந்து’வில 1971-ல குறுக்கெழுத்து வந்துச்சு. ஆரம்பத்துல அதுக்குப் புதிர் போட்டவங்கள்ல ஒருத்தர் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. செங்கல்பட்டுல பிறந்து, 1958-ல இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். போர்க்கப்பல் ஓட்டினவர் ஓய்வுக்காலத்துல எழுத்தைக் குழப்பி நம்மளை அலையவிட்டார். டாவ் வீட்டுக்கு வந்த உளவுத்துறை ஆட்கள் இதைக் கேள்விப்பட்டிருந்தா மயக்கம் போட்டிருப்பாங்க. ஃபில்டர் காபியும் அந்தக் கட்டமும் இல்லாம காலை விடியாத வீடுகள் மயிலாப்பூர்லயும் மாம்பலத்துலயும் எத்தனை! நான் வேலை பார்த்த ஒரு இடத்துல நூலகப் பேப்பர்ல அந்தக் கட்டம் மட்டும் காலை பத்து மணிக்கே சதுரமா வெட்டப்பட்டிருக்கும். வெட்டினது யார்ங்கிறது கடைசி வரைக்கும் விடை தெரியாத குறிப்பு.

சிமினீஸ் சட்டத்தை எல்லாரும் ஏத்துக்கிட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க. ‘கார்டியன்’ல ஜான் கிரஹாம்னு ஒரு பாதிரியார். 1958-லிருந்து அங்க புதிர் போட்டவர். புனைபெயர் அராகேரியா. அது ஒரு மரத்தோட தாவரவியல் பேர். ஆங்கிலத்துல அந்த மரத்தை ‘குரங்குப் புதிர்’னு கூப்பிடுவாங்க. அதே மரத்துக்கு ‘சிலி பைன்’னும் பேர். அந்த ஆங்கில எழுத்துகளைக் குழப்பிப் போட்டு வந்த ‘சினிஃபைல்’தான் ‘பைனான்ஷியல் டைம்ஸ்’ல அவர் பேர். விவாகரத்தானதால திருச்சபை வேலை போச்சு. அப்புறம் புதிர்தான் சோறு போட்டுச்சு. சிமினீஸ் ஆட்கள் முகம் சுளிக்கிற மாதிரி விதியை வளைப்பார், சில நேரம் உடைப்பார். ஒரு வார்த்தையை ரெண்டாப் பிரிச்சுப் படிக்கச் சொல்வார், ஒரு குறிப்பை வெச்சு நாலு விடையைக் கேட்பார். கறாரா பார்த்தா டார்க்கிமாடா பக்கம் சாயறவர். ஆனா ஜனங்க இவர் மேல உயிரையே விட்டாங்க. ஏன்னு யோசிச்சா, இவர் விதியை மீறினாலும் நம்ம பக்கம் உட்கார்ந்து மீறுவார். விடை கிடைச்சதும் அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிற மாதிரி இருக்கும்.

2013 ஜனவரியில ‘கார்டியன்’ல அவர் புதிர் ஒண்ணு வந்துச்சு. மேலே ஒரு அறிவிப்பு: அராகேரியாவுக்கு 19-இல் 18 வந்திருக்கிறது, அதற்கு 13 15 மூலம் சிகிச்சை நடக்கிறது. எண்கள்தான், வேற ஒண்ணும் இல்ல. வழக்கம்போல காபியோட உட்கார்ந்தவங்க ஒவ்வொரு கட்டமா நிரப்பிக்கிட்டு வந்தாங்க. 18-க்கு விடை புற்றுநோய். 19-க்கு உணவுக்குழாய். 13-ம் 15-ம் சேர்ந்து, குணப்படுத்த முடியாதவங்களுக்கு வலி தெரியாமப் பார்த்துக்கற பராமரிப்பைக் குறிக்கிற ரெண்டு வார்த்தை. நர்ஸ், எண்டோஸ்கோபி, ஸ்டென்ட், இதெல்லாம் மத்த கட்டங்கள்ல.

இப்படிச் சொல்றதுதான் தனக்கு இயல்பாத் தோணுச்சுன்னார். அதுக்கப்புறமும் புதிர் போட்டுக்கிட்டுதான் இருந்தார். அதே வருஷம் நவம்பர் 26-ல, 92 வயசுல இறந்தார்.